புரோத்தன்களுக்கு வேலி போட்ட மதினி

மதினியிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய், கேத்தலில் தண்ணீர் வைத்து, அது கொதித்து, தேயிலை போட்டு, வடித்து எடுத்துக்கொண்டு வந்தால், அப்போதுதான் பதில் வரும். நான் சும்மா சொல்லவில்லை. கல்யாணமாகிக் கற்பிட்டிக்கு வந்த முதல் கிழமையே எனக்கு இது நடந்தது. "மதினி, ஒங்களுக்குச் சீனி எவ்வளவு போட?" என்று கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கேட்டது விளங்கவில்லையோ என்று நினைத்து நானே போய் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து நீட்டினேன். கோப்பையை வாங்கிக்கொண்டு, "அரைக் கரண்டி," என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். நாற்பது பிள்ளைகளுக்கு மேலால் குரல் எடுத்துப் பழகின வாய். யாராவது கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த மதினி இப்படி.

அவர் என் கணவருக்கு மூத்தவர். கணவர் அவரைத் தாத்தா என்று கூப்பிடுவார். எங்கள் ஆட்களிடம் தாத்தா என்றால் அக்கா. பேராதனையில் பொறியியல் படித்து, அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய், ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை நோன்புக்கு வருவார். வரும்போது கொண்டுவரும் பெட்டியைத் திறந்தால் பாதி காலி. அவர்களுடைய உம்மாவுக்கு, அதாவது என் மாமிக்கு, அதுவே பெரிய கவலை.

"இம்புட்டுத் தூரத்திலேந்து வாற. அந்தக் காலி எடத்தில ரெண்டு சொக்லட் பக்கெட் வெச்சாக் கொறஞ்சா போகும்?"

மதினி யோசிப்பார். உம்மா வேறு வேலைக்குப் போயிருப்பார். "எடம் விட்டாத்தான், உம்மா, உள்ள இரிக்கிறது நசுங்காது," என்று மதினி சுவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த இடம் விடுகிற பழக்கம் எல்லாவற்றிலும் இருந்தது. கல்யாண வீட்டில் சஹன் என்கிற பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார வேண்டும் என்றால், மதினி இருக்கிற சஹனில் ஐந்து பேர்தான். கை நீட்டிச் சாப்பிட இடம் வேண்டுமாம். பரிமாறுகிறவர்கள் முறைப்பார்கள். அவருக்கு அது தெரியாது. அலுமாரியில் உடுப்புகளை அடுக்கினால் நடுவில் ஒரு கை போகிற அளவுக்கு வெளி. எழுதினால் வரிக்கு வரி ஒரு வரி காலி. இது என்ன வீண்செலவு என்று எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஒருநாள் அந்த அலுமாரி வெளியில் என் சாரிகள் இரண்டைச் செருகிவிட்டேன். மறுநாள் அவை என் கட்டிலில் மடித்தபடி கிடந்தன.

இவருடைய பதில் பிந்தியதால் ஒரு கல்யாணமே குழம்பிய கதையை உம்மாதான் எனக்குச் சொன்னார். அது நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன் நடந்தது. எங்களிடம் நிக்காஹ் பேசும்போது பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். கன்னிப் பெண் வெட்கத்தில் வாய் திறக்க மாட்டாள் என்பதால், அவள் பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். புத்தளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து முன் அறையில் இருக்கிறார்கள். வாப்பா உள்ளே வந்து, "நல்ல எடம் மகள். செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறார். மதினி வழக்கம்போல யோசிக்கத் தொடங்கியிருக்கிறார். வாப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு வெளியே போய் எல்லாரையும் கட்டிப்பிடித்து, வட்டலப்பம் பரிமாறச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல்.

"யோசிச்சுப் பாத்தன் வாப்பா. வேணாம்."

மாப்பிள்ளையின் மாமா வாயில் வைத்த கரண்டியை எடுக்காமல் அப்படியே இருந்தாராம். உம்மா இதைச் சொல்லும்போது சிரிப்பார், பிறகு பெருமூச்சு விடுவார். அதற்குப் பிறகு வந்த பேச்சுகள் எதுவும் சரிவரவில்லை. வாப்பாவும் மௌத்தாகி இந்த உலகத்தை விட்டுப் போய்விட்டார். மதினி தனியாகவே இருந்தார். அதில் அவருக்கு மனக்குறை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. உம்மாவுக்குத்தான் இருந்தது.

மதினி என்ன வேலை செய்கிறார் என்று எனக்கு விளங்கியது கற்பிட்டி பஸ்ஸில். புத்தளத்துக்குப் போய்ப் பெருநாள் உடுப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறோம். பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. நுரைச்சோலையில் ஒரு மனுஷி இறங்க வேண்டும். கதவடியில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இறங்கப் போனால் நாலு பேரை மிதித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். கொண்டக்டர் கதவுக்கு நேரே வந்து நின்று இரண்டு கையையும் விரித்தார். "இஸ்ஸரஹட யன்ன! முன்னுக்குப் போங்க!" என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்தி ஒரு பக்கத்தை முன்னுக்குத் தள்ளினார். "நீங்க பின்னுக்கு! பின்னுக்கு!" என்று மற்றப் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளினார். கதவடியில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வெளி வந்தது. மனுஷி பையோடு இறங்கிப் போனார். ஒருவருக்கும் அடிபடவில்லை.

மதினி அந்தக் கொண்டக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் முந்தி, பாலாவியைத் தாண்டும்போது நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய நேரம் அது. அதை விட்டுவிட்டு, "புள்ள, இவர் செய்யிறதுதான் என்ட வேலை," என்றார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். ஊர் அளவு பெரிய வளையமாக ஒரு குழாய். உள்ளே காற்றே இல்லை. அதற்குள் அணுக்கருவில் இருக்கிற புரோத்தன் என்ற நுண்துகள்களைக் கூட்டமாகச் சுற்றவிடுகிறார்கள், ஒளியின் வேகத்துக்குக் கிட்ட. ஆராய்ச்சிக்கு வேண்டும்போது ஒரு காந்தம் அவற்றைத் தட்டி வெளியே அனுப்பும். ஆனால் அந்தக் காந்தத்துக்குப் பலம் வர ஒரு இமைப்பொழுது எடுக்கும். அந்த இமைப்பொழுதில் அங்கே வந்து சேருகிற புரோத்தன்கள் உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் குழாய்ச் சுவரில் போய் மோதும். மோதின இடத்தில் கதிர்வீச்சு ஏறி, ஆள் கிட்டப் போக ஏலாது. ஆகவே காந்தம் எழும்புகிற அந்தக் கணத்தில் அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. சுற்றி ஓடுகிற கூட்டத்தில் ஓரிடம் காலியாக இருக்க வேண்டும். மதினியின் கருவி, ரேடியோ அலையில் ஓர் ஒற்றைத் துடிப்பை எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அடிக்கும். துடிப்பின் ஒரு பாதி முன்னுக்குத் தள்ளும், மற்றப் பாதி பின்னுக்குத் தள்ளும். நடுவில் வெளி. வேலி என்றுதான் மதினி அதைச் சொல்வார்.

"ஆனா மெதுவாத் தள்ளோணும். அவசரப்பட்டாக் கூட்டம் சூடாகிக் கலைஞ்சிரும்."

"அந்தக் கொண்டக்டர் மெதுவாவா தள்ளினாரு?"

இதற்கு உடனே பதில் வந்தது. "அவருக்கு ஒரு தரம் தள்ளினாப் போதும். எனக்கு ஒரு செக்கனுக்கு லட்சக்கணக்கில தள்ளோணும்."

இன்னொன்றும் சொன்னார். அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. புரோத்தன்களுக்குச் சக்தி ஒரு அளவைத் தாண்டினால் எல்லாம் தலைகீழாகிவிடுமாம். கூடச் சக்தி உள்ளது வளையத்தின் வெளி ஓரமாகப் போகும், அதற்குப் பாதை நீளம், ஆகவே பிந்தித்தான் வந்து சேரும். முன்னுக்குத் தள்ளினால் பின்னுக்குப் போகும். அந்த அளவைத் தாண்டியதும் துடிப்பைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் வேலி போட்ட இடத்திலேயே கூட்டம் வந்து குவிந்துவிடும். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. என் வகுப்பில் அப்படி நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

கொரோனா வந்த வருஷம் மதினி நோன்புக்குக் கொஞ்சம் முந்தியே வந்துவிட்டார். வந்த மறு கிழமை நாட்டைப் பூட்டினார்கள், விமான நிலையத்தையும் பூட்டினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் காலையும் மாலையும் "இடைவெளி விடுங்கள், இடைவெளி விடுங்கள்" என்று அறிவித்தார்கள். என் கணவர் சிரித்துச் சிரித்துக் களைத்துப் போனார். "தாத்தா, முழு நாடும் ஒங்கட கச்சியில சேந்திட்டு!"

மதினி சிரிக்கவில்லை. அவருக்கு வேறு பிரச்சினை. அவருடைய கருவியை வளையத்தில் பொருத்திப் பன்னிரண்டு வருஷ உழைப்பு முடிந்திருந்தது. முழுக் கூட்டத்தையும் ஓடவிட்டுச் சோதித்துக் காட்டுவதுதான் மிச்சம். அங்கே அதை நம்பாதவர்கள்தான் கூடப் பேர். கொஞ்சம் புரோத்தன்கள் சுவரில் மோதத்தான் செய்யும், இதற்கு ஒரு கருவியா என்று கேட்டவர்கள். அவர்கள் நாட்டிலும் எல்லாவற்றையும் பூட்டி, பிறகு மெல்லத் திறந்தபோது, மதினியின் சோதனைக்கு ஒரேயொரு பின்னேரம்தான் மிஞ்சியது. அன்றைக்குச் சரிவராவிட்டால் கருவியைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். மதினியின் வேலையும் அதோடு முடிந்துவிடும். கட்டுப்பாட்டு அறையில் மூன்று பேருக்குத்தான் அனுமதி. மதினி கற்பிட்டியில் இருந்துகொண்டு இணையத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"சரிவராட்டியும் நல்லந்தானே," என்று வெங்காயத் தோட்டம் செய்கிற என் கணவர் மருந்தடிக்கிற உடுப்போடு நின்று சொன்னார். "தாத்தா இங்கயே இரிப்பா. உம்மாவுக்கும் ஆறுதல்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒங்கட வெங்காயம் பன்னெண்டு வருஷம் மண்ணுக்குள்ள கெடந்து கடைசியில அழுகினா நல்லம் எண்டு செல்வீங்களா?" என்று கேட்டேன். அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த ஆசை கொஞ்சம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் மதினி எனக்குப் பழகிப்போயிருந்தார். பதில் வரும்வரை காத்திருக்கக்கூடப் பழகியிருந்தேன். கோபம் பாதி என் மேல்தான்.

உம்மா தொழுகைப் பாயில் இருந்து நீண்ட நேரம் கையேந்தினார். எழும்பும்போது, "என்ன துஆ கேட்டீங்க உம்மா?" என்றேன்.

"அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கதை," என்றார்.

எங்கள் வீட்டில் சிக்னல் நன்றாக வருவது கூரைத் தட்டில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும்தான். நோன்பின் கடைசிப் பத்து நாள் அது. பின்னேரத்து அசர் தொழுகையை முடித்துவிட்டு ஒரு கதிரையையும் சின்ன மேசையையும் மேலே ஏற்றினோம். மதினி மடிக்கணினியைத் திறந்தார். காதில் ஹெட்போன் மாட்டினால் இழுபடுகிறது என்று ஒலியை வெளியில் விட்டார். நான் குடை பிடித்தேன். கற்பிட்டிக் காற்று தெரியும்தானே. குடை என் கையை விட்டுக் கடலோரக் களப்புக்குப் போகத் துடித்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கே கட்டுப்பாட்டு அறையில் ஒரு பொறுப்பாளர். மதினியோடு வேலை செய்கிற ஓர் இளம் பெண். இன்னொருவர் வாயே திறக்கவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில். எனக்குப் பாதிக்குமேல் விளங்கியது. எல்லாம் தயார், சக்தி அந்த அளவைத் தாண்டிய பிறகுதான் வேலி போடப்போகிறோம், முழுக் கூட்டம், என்றார் பொறுப்பாளர். துடிப்பைத் தலைகீழாக்கியாயிற்றா என்று கேட்டார். நேற்றே என் கணினிக் கோப்பில் மாற்றிவிட்டேன் என்றார் மதினி. அப்போது அந்தப் பெண் நல்ல மனதோடு சொன்னார்: "அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். நானும் காலையில் உள்ளே போய் வயர்களை மாற்றிப் பூட்டிவிட்டேன்."

மதினி பேச்சை நிறுத்தினார்.

இது வழக்கமான நிறுத்தம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு அவர் கையைப் பார்த்தேன். மேசை மேல் உள்ளங்கையை ஒருமுறை கவிழ்த்தார். இன்னொருமுறை திருப்பினார். கை பழையபடி மல்லாந்து கிடந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இவரும் திருப்பியிருக்கிறார், அந்தப் பெண்ணும் திருப்பியிருக்கிறார். இரண்டு தரம் திருப்பினால் திருப்பாததும் ஒன்றுதான். வெளி இருக்கவேண்டிய இடத்தில் முழுக் கூட்டமும் குவியப் போகிறது. காந்தம் அதைச் சுவரில் அடிக்கப் போகிறது.

"கேட்கிறதா?" என்றார் பொறுப்பாளர். மதினியின் உதடு அசைந்தது. நோன்புத் தொண்டை, சத்தம் வரவில்லை. அங்கே உள்ளவர்களுக்கும் அவர் பதில் பிந்துவது தெரியும்தான், காத்துப் பழகியவர்கள்தான். ஆனால் அன்று காற்றில் லைன் அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. "லைன் போய்விட்டது. நேரமில்லை, நாம் ஓடவிடுவோம்," என்றார் பொறுப்பாளர். பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கினார்.

"மதினி!" என்று கத்தினேன் நான். குடை கையை விட்டுப் போயிற்று.

அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"நிப்பாட்டுங்கடா!"

என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தை அந்த மனுஷியிடமிருந்து நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின. தோட்டத்தில் நின்ற என் கணவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். கீழே உம்மா, "அல்லாஹ்வே, பாம்பா?" என்று கேட்டது மேலே கேட்டது.

மடிக்கணினியில் எண்ணிக்கை நின்றிருந்தது. பிறகு அந்தப் பெண்ணின் குரல்: "நிறுத்திவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் நிறுத்திவிட்டேன்."

மதினி ஆங்கிலத்துக்கு வந்தார். நீயும் திருப்பினாய், நானும் திருப்பினேன் என்றார். அந்தப் பக்கம் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. மதினி தன் கோப்பைப் பழையபடி மாற்றினார். அவசரத்தில் இரண்டு தரம் பிழையான எழுத்தைத் தட்டினார். பொறுப்பாளர் ஒவ்வொன்றாகக் கேட்டார், மதினி ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் பதில் சொன்னார். பிறகு திரும்பவும் எண்ணினார்கள். இந்த முறை பூச்சியம் வரை.

திரையில் ஒரு கோடு வந்தது. நீளமான மேடு, அதில் ஓரிடத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடி துடைத்து வைத்த தரை மாதிரி. காந்தம் எழும்பியது. மதினி திரையின் மூலையில் இருந்த ஒரு சின்ன எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். சுவரில் மோதினவற்றின் கணக்கு. அது அசையவே இல்லை. இன்னொருமுறை விட்டார்கள், இன்னொருமுறை. அசையவில்லை. அந்தப் பெண் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பொறுப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனி இதைக் கழற்றுவது பற்றி ஒருவரும் பேச வேண்டாம். இது வளையத்திலேயே இருக்கும். நீங்களும் இருப்பீர்கள்," என்றார்.

மதினி தண்ணீர்த் தாங்கியில் சாய்ந்து அப்படியே தட்டில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மண்வெட்டியோடு ஏணியில் நின்ற என் கணவர், "என்ன, சரியா? பிழையா?" என்று கேட்டார். "சரி," என்றேன். கீழேயிருந்து "அல்ஹம்துலில்லாஹ்!" என்று உம்மாவின் குரல் என் கணவரின் குரலுக்கு முந்தி வந்தது. அந்தக் குரலில் ஒரு சொட்டுக் கவலை இல்லை. அவர் என்ன துஆ கேட்டிருந்தார் என்று அப்போது தெரிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கீழே இறங்கி வந்த பிறகுதான் அது தொடங்கியது. மதினி கதைக்கத் தொடங்கினார். அந்தப் பெண் எவ்வளவு கெட்டிக்காரி, அவளைக் குற்றம் சொல்ல ஏலாது, வயரை மாற்றச் சொல்லித் தான் எழுதிவைக்காதது தன் பிழை என்றார். முதல் கருவி எரிந்துபோன நாளைச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் தன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டினார். பொறுப்பாளரை டா போட்டுவிட்டதை நினைத்துச் சிரித்துப் புரைக்கேறியது. நான் கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றினேன், அடுப்படி வரைக்கும் பின்னால் வந்து கதைத்தார். என் கணவர் ஒரு கேள்வி கேட்க வாயைத் திறந்தார், கேட்பதற்குள் பதில் வந்துவிட்டது.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற பாங்கு சொன்னார்கள். எல்லாரும் கையில் பேரீச்சம்பழத்தோடு இருந்தோம். மதினி நிறுத்துவதாக இல்லை. உம்மா எழும்பி வந்து, விதை எடுத்த ஒரு பழத்தை அவர் வாய்க்குள் வைத்து, "பிஸ்மி செல்லுங்க மகள்," என்றார். மதினி பிஸ்மி சொன்னார், பழத்தை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார், மற்றப் பக்கத்தால் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.